மஞ்சள் தடவின நோட்டீஸ்

அந்தச் சாக்குமேல கால் படாம உக்காருங்க சார். கோவிச்சுக்காதீங்க. உள்ள இருக்கறது அரிசி இல்ல, பருப்பு இல்ல. மிஷினு. ஆமா, நிஜ மிஷினுதான். ஒரு முழ உயரத்துல சின்னதா செஞ்சது. கல்கத்தாவுக்குத் தூக்கிட்டுப் போனேன், இப்ப கல்கத்தாவுலேருந்து தூக்கிட்டு வரேன். போகும்போது கனமே தெரியல. இப்ப ரெண்டு ஆள் தூக்கற கனம் கனக்குது.

நீங்க தமிழ் பேசறதைக் கேட்டதும்தான் எனக்கு உயிரே வந்துது. நேத்து ரயிலேறினதுலேருந்து வாயைத் தொறக்காம வந்துட்டிருக்கேன். கல்கத்தாவுல உத்தியோகமா? எந்த ஆபீசு? கப்பல் கம்பெனியா. நல்லதாப் போச்சு. பேட்டண்ட் ஆபீசுன்னு சொல்லியிருந்தீங்கன்னா எழுந்து வேற பெட்டிக்குப் போயிருப்பேன். சும்மா சொல்றேன் சார். அந்த ஆபீசு மேல எனக்கு ஒரு குறையும் கிடையாது. அந்த அதிகாரி தங்கமான மனுசன். என்னை நாற்காலி போட்டு உக்கார வெச்சுதான் தோக்கடிச்சாரு.

என் பேரு கன்னியப்ப ஆசாரி. ஊரு பண்ருட்டி. வண்டிப்பேட்டைக்கு எதிர்ல பட்டறை. வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடறது, கரும்பாலையில பல்சக்கரம் தேஞ்சா மாத்திக் குடுக்கறது, எல்லாம் பாப்பேன். சின்ன வயசுல ஒரு மில்லுல பதினோரு வருஷம் பிட்டரா இருந்தேன். அங்க ஒரு பெரிய எஞ்சின். அது வயித்துல ஒரு பித்தளைத் தகடு. தகட்டுல இங்கிலீஷ்ல ஒரு பேரு. யாரோ சீமையில இருந்த ஆளு, அதைக் கண்டுபிடிச்சவராம். சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை புளி போட்டு அந்தத் தகட்டைத் தேய்ச்சுப் பளபளன்னு வெக்கறது என் வேலை. பதினோரு வருஷம் சார். எங்கப்பா நாப்பது வருஷம் வண்டி செஞ்சாரு. அவர் செஞ்ச வண்டி இன்னும் ஓடுது. அவர் பேரு எதுலயும் கிடையாது. எனக்கு அந்தத் தகட்டைத் தேய்க்கத் தேய்க்க ஒரே நெனப்பு. ஒரு நாளைக்கு ஒரு மிஷினு வயித்துல என் பேரு இருக்கணும். அவ்வளவுதான். பணம் வேணாம், நிலம் வேணாம். பேரு.

நீங்க வேர்க்கடலைன்னு சொல்றதை எங்க பக்கம் மல்லாட்டைன்னு சொல்றது. ஊரைச் சுத்தி அதுதான் வெளையுது. கடலூர் துறைமுகத்துலேருந்து கப்பல் ஏறி பிரான்சுக்குப் போகுது, எண்ணெய் ஆட்டறதுக்கு. தோலோட அனுப்பினா கப்பல்ல இடம் பத்தாது. பருப்பா உடைச்சுத்தான் அனுப்பணும். உடைக்கறது எல்லாம் பொம்பளைங்க. தண்ணி தெளிச்சு ஊற வெச்சு, தடியால தட்டி, கையால பிரிப்பாங்க. தண்ணி பட்ட பருப்பு சீமைக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள பூசணம் பிடிச்சுடும். சரி, காய்ஞ்சபடியே தட்டலாம்னா பருப்பு நொறுங்கிப் போகும். கடலூர்ல ஒரு ஏத்துமதிக் கம்பெனி இருக்கு. பேரு வேணாம். அதுல மேனேஜர் துரை சொன்னாராம்: தண்ணி படாம, பருப்பு நொறுங்காம உடைக்கறதுக்கு எவன் மிஷினு செய்யறானோ அவன் பேரு உலகம் பூரா தெரியும்னு. அது என் காதுல விழுந்துது. பேருன்னு சொன்னாரே சார், அதுதான் விழுந்துது.

அன்னிக்கே இரும்பை எடுத்து அடுப்புல வெச்சேன். மொதல்ல இரும்புப் பல்லு வெச்சுச் செஞ்சேன். சுத்தினா உள்ளேருந்து மாவுதான் வந்துது. பல்லைக் குறைச்சுப் பாத்தேன். நொய்யி வந்துது. மூணு மாசம் இப்படியே போச்சு. பட்டறையில வேற வேலை எதுவும் ஓடல. எங்க வீட்ல தினம் மத்தியானம் சோறு கொண்டு வருவா. கொண்டு வந்து வெச்சுட்டு, நொறுங்கின பருப்பை அள்ளி முந்தானையில கட்டிட்டுப் போவா, துவையலுக்கு. அவ பொறந்த வீட்ல அஞ்சு காணி மல்லாட்டை. நடக்கத் தெரிஞ்ச நாளா உடைச்சுட்டிருந்தவ.

ஒரு நாள் சோத்துக் கூடையை வெச்சுட்டு நின்னா. "ஏங்க, நீங்க அதை அடிக்கறீங்களே. அது அடிக்கற சாமான் இல்லீங்க, தேய்க்கற சாமான்"னா. ரெண்டு மல்லாட்டையை உள்ளங்கையில வெச்சு, இந்தக் கையால இப்படித் தேய்ச்சுக் காட்டினா. தோலு தனியா விழுந்துது, பருப்பு முழுசா நின்னுது. "இரும்பை எடுத்துடுங்க, மரச்சட்டம் போடுங்க. சுத்த வேணாம், தொட்டில் மாதிரி முன்னயும் பின்னயும் ஆடட்டும்"னா. அப்புறம் கீழ சல்லடைக்கும் சட்டத்துக்கும் நடுவுல எவ்வளவு எடம் விடறதுன்னு நான் மண்டைய ஒடைச்சுட்டிருந்தேன். கையிலேருந்து கண்ணாடி வளையலைக் கழட்டிக் குடுத்தா. இந்தக் கனம் விடுங்கன்னா. விட்டேன். வந்துடுச்சு சார்! பதினாறு பருப்புல பதினஞ்சு முழுசா வந்துது.

பேரா? எங்க வீட்ல இருக்கறவ பேரா? அது எதுக்கு சார் இப்ப. அவ இந்தக் கதையில சும்மா ஓரமா வர்றவ. கைய தேய்ச்சுக் காட்டினா, அவ்வளவுதான். கைய தேய்க்கறது ஒரு கண்டுபிடிப்பா? அப்ப இரும்பை வளைச்சது யாரு? சல்லடை பின்னினது யாரு? கைப்பிடிக்கு அச்சு அடிச்சது யாரு? நீங்களே சொல்லுங்க.

பேட்டண்ட்னு ஒண்ணு இருக்கறதை எனக்குச் சொன்னது கடலூர்ல ஒரு வக்கீல் குமாஸ்தா. இன்ன மிஷினைக் கண்டுபிடிச்சது இன்னார், இத்தனை வருஷத்துக்கு அவரைக் கேக்காம வேற யாரும் செய்யக்கூடாதுன்னு சர்க்கார் ஒரு காகிதம் தரும். அதுக்குக் கல்கத்தாவுக்கு எழுதிப் போடணும். படம் போட்டு, விவரம் எழுதி, பாரம் பூர்த்தி பண்ணிக் குடுத்தாரு குமாஸ்தா. பாரத்துல ஒரு வாசகம் வருது. அதைத் தமிழ்ல எழுதித் தரச் சொல்லிக் கேட்டேன். "இதை மெய்யாகவும் முதலாவதாகவும் கண்டுபிடித்தவன் நானே." அதுக்குக் கீழ கையெழுத்து. எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சுது. வீட்டுக்கு வந்து சத்தமா படிச்சுக் காட்டினேன். மெய்யாகவும் முதலாவதாகவும். அவ குடத்தை இடுப்புல வெச்சுட்டு நின்னு கேட்டா. தண்ணிக்குப் போயிட்டா. அவளுக்கு இதெல்லாம் என்னத்தைப் புரியப் போவுது.

அப்ப ஆயுத பூஜைக்கு இன்னும் ஒம்பது நாள். பாரத்தைத் தபால்ல போட வேண்டியதுதான் பாக்கி. ஆனா பூஜை போடாத மிஷினுக்கு எப்படி சார் காகிதம் அனுப்பறது? எங்க பட்டறையில ஒரு சுத்தியல் புதுசா வாங்கினாலும் பொட்டு வெச்சுட்டுத்தான் ஆணி மேல போடுவோம். இது சாமான்யப்பட்டதா? ஊரைக் கூட்டி, தேங்கா உடைச்சு, மொதல் மல்லாட்டையைச் சாமி முன்னால ஓட்டி, அந்தப் பருப்புல சுண்டல் பண்ணி எல்லாருக்கும் குடுத்துட்டு, அப்புறம் அனுப்பறதுதான் மொறை. இவ சொன்னா: "மொதல்ல தபால்ல போட்டுட்டு வந்துடுங்க. பூஜை எங்க ஓடிப்போவுது?" எனக்குக் கோவம் வந்துடுச்சு. அச்சானியமா பேசாதன்னேன்.

ஐநூறு நோட்டீஸ் அடிச்சேன். நல்ல ரோஸ் காகிதம். அச்சுக்கூடத்துக்காரர் கேட்டாரு, பாதிப் பக்கம் காலியா இருக்கே ஆசாரி, என்னமாச்சும் எழுதுங்கன்னு. என்ன எழுதறது? மிஷினைப் பத்தியே எழுதிட்டேன். இரும்பால் அடிக்காமல் மரச்சட்டத்தால் தேய்ப்பது. தொட்டில் போல் ஆடுவது. சல்லடைக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு கண்ணாடி வளையல் கனம் விட்டிருப்பது. கீழ பேருங்க. மாமன் மச்சான், கோயில் தர்மகர்த்தா, மளிகைக் கடைக்காரர், அச்சுக்கூடத்துக்காரர், நாப்பத்தி மூணு பேரு. ஒருத்தர் பேரை விட்டாலும் ஊர்ல சண்டை வந்துடும் சார், அதனால ஒருத்தரையும் விடல. வீட்ல உக்காந்து ஐநூறு நோட்டீஸுக்கும் நாலு மூலையில மஞ்சள் தடவினவ அவதான். ரெண்டு நாளைக்குப் பெருவிரல் மஞ்சளாவே இருந்துது.

கம்பெனி மேனேஜர் துரைக்கு நானே நேர்ல போய் வெச்சேன். வெத்தலைப் பாக்கு, பழம், தட்டுல நோட்டீஸ். அவரை விட்டுட்டா நாளைக்கு மூஞ்சில எப்படி முழிக்கறது? துரை வாங்கிக்கிட்டு, கை குலுக்கினாரு. வரலேன்னாலும் ரெண்டு ஆளை அனுப்பினாரு. நானே அவங்களை முன்வரிசையில உக்கார வெச்சேன்.

அந்த நாளைக் கேளுங்க சார். பட்டறை வாசல்ல வாழை மரம். மேளம். மிஷினு மேல சந்தனம். நான் கைப்பிடியைப் பிடிச்சு ஆட்ட ஆட்ட, பருப்பு கொட்டுது, ஜனங்க ஆஆன்னு கத்தறாங்க. உடைக்கற பொம்பளைங்க மட்டும் ஓரமா மூஞ்சியைத் தூக்கி வெச்சுட்டு நின்னாங்க. அவங்க பொழப்பு போயிடுமாம். இவ அவங்க நடுவுல போய் நின்னுக்கிட்டா. அங்க நின்னு சும்மா இருந்தாளா? கம்பெனி ஆளுங்க காதுல விழற மாதிரி ஒரு பேச்சு பேசினா: "அந்தப் பதினாறாவது பருப்பும் நொறுங்காது. சட்டத்து மேல சைக்கிள் டயர் ரப்பரைத் தச்சுட்டா." நான் மொறைச்சேன். அவ பாக்கல. கம்பெனி ஆளு பாத்தான்.

பூஜை முடிஞ்சு அனுப்பிட்டீங்களான்னா கேக்கறீங்க? எங்க சார். புரட்டாசி கழியட்டும்னாங்க. அப்புறம் தீபாவளி. அப்புறம் அமாவாசை முடிஞ்சு மேல்நோக்கு நாள் பாத்து, கார்த்திகையில ஒரு புதன்கிழமை நல்ல ஓரையில தபால்ல போட்டேன். நேரம் தப்பலயே, அப்புறம் ஏன் இப்படி ஆச்சுன்னுதான் எனக்கு இன்னிக்கு வரைக்கும் விளங்கல.

கல்கத்தாக்காரங்க வாங்கிக்கிட்டாங்க. கெஜட்டுல போட்டாங்க. குமாஸ்தா அந்தப் பக்கத்தைக் கிழிச்சுக் கொண்டு வந்து குடுத்தாரு. என் பேரை விரலால தடவிப் பாத்தேன். ஆட்சேபணை இருந்தா இத்தனை நாளுக்குள்ள சொல்லுங்கன்னு அதுல இருந்துதாம். இருக்கட்டுமே, யாரு ஆட்சேபிக்கப் போறாங்க? ஊரே சாப்பிட்ட சுண்டல். நான் பித்தளையை உருக்கித் தகடு செஞ்சுட்டேன். கன்னியப்ப ஆசாரி, பண்ருட்டி. சாக்குல இருக்கற மிஷினுல அடிச்சு வெச்சிருக்கேன், அவிழ்த்துக் காட்டட்டுமா? வேணாம், விடுங்க. நானே பாக்கறதில்ல இப்ப.

ஆட்சேபிச்சது கம்பெனி. விசாரணைக்குக் கல்கத்தாவுக்கு வான்னு கடுதாசி வந்துது. நான் பயப்படல சார். சத்தியமா பயப்படல. எங்க ஊர்ல ஒரு மாடு யாருதுன்னு வழக்கு வந்தா என்ன கேப்பாங்க? இது இவன் வீட்ல கட்டியிருந்ததை யாரு பாத்ததுன்னு கேப்பாங்க. பத்து பேரு பாத்தேன்னா மாடு அவனுது. நான் பத்து பேரோட விடுவேனா? வீடு வீடாப் போயி, ஆயுத பூஜை அன்னிக்கு இந்த மிஷினு ஓடினதைக் கண்ணால பாத்தோம்னு கையெழுத்தும் கைநாட்டும் வாங்கினேன். முன்னூத்திப் பன்னெண்டு பேரு. பட்டுத் துணியில சுருட்டிக் கொண்டு போனேன்.

பெரிய ஹாலு. மேசைக்கு அந்தப் பக்கம் அதிகாரி. கம்பெனிக்கு ஒரு வக்கீலு. எனக்காகப் பேச்சை மாத்திச் சொல்ல ஒரு மதராஸ்காரர், துபாஷி. கம்பெனி வக்கீல் மேசை மேல ஒரு காகிதத்தை வெச்சாரு. ரோஸ் காகிதம். நாலு மூலையிலும் மஞ்சள். ரெண்டு வருஷம் ஆகப் போவுது, இன்னும் அழியல. மூலையில அந்தப் பெருவிரல் ரேகைகூடத் தெரியுது. இது உங்க நோட்டீஸான்னு கேட்டாங்க. ஆமான்னேன். பாரம் அனுப்பறதுக்கு முன்னாடி இதை யாராவது பாத்தாங்களா, மிஷினை யாராவது பாத்தாங்களான்னு அதிகாரி கேட்டாரு. எனக்கு ஒரே சந்தோஷம். இதைத்தானே கேக்கணும்! பட்டுத் துணியை அவிழ்த்து, முன்னூத்திப் பன்னெண்டு பேரையும் மேசை மேல விரிச்சேன்.

துபாஷி என்னைப் பாத்தாரு. வக்கீல் எழுந்து ஒரே ஒரு வார்த்தை சொல்லிட்டு உக்காந்துட்டாரு. என்ன சொன்னாருன்னு கேட்டேன். எங்க பக்கத்துல வேற சாட்சி தேவையில்லைன்னு சொன்னாராம்.

அதிகாரி கண்ணாடியைக் கழட்டி வெச்சுட்டு, பொறுமையாத்தான் சொன்னாரு. பாரம் போடறதுக்கு முன்னாடி ஊருக்கே காட்டின சாமானுக்குக் காகிதம் குடுக்கறதுக்கில்ல. பாத்தது ஒருத்தரா நூறு பேரான்னு இல்ல, பாத்தாச்சு, அச்சுல போட்டாச்சு, அது இனிமே எல்லாருக்கும் பொது. எனக்கு மண்டையில ஏறவே இல்ல. ஊரே பாத்துதுன்னா அது என்னுதுன்னுதானே அர்த்தம்? மூணு தடவை துபாஷி எடுத்துச் சொன்னாரு. மூணாவது தடவை அவருக்கே அழுகை வர மாதிரி ஆயிடுச்சு, பாவம்.

அதுல ஒண்ணு கேட்டாரு அதிகாரி. வழக்குக்குச் சம்பந்தமில்லாத கேள்வி. கண்டுபிடிச்சது நீங்க மட்டும்தானான்னாரு. நான் மட்டும்தான்னு சத்தியம் பண்ணேன். வளையல் கனம்னு எழுதியிருக்கே, அது எப்படித் தோணிச்சுன்னாரு. பட்டறையில ஏது வளையல்னு கேக்கறாரு போல. கைப்பழக்கம்னு சொல்லி வெச்சேன். அதை ஏன் கேட்டாருன்னு இன்னும் தெரியல.

தீர்ப்பு எழுத்து மூலமா பத்து நாள்ல தரேன்னாரு. வெளியில வந்தா, கம்பெனி ஆளு நிக்கறான். அன்னிக்கு முன்வரிசையில உக்காந்து ரெண்டு தொன்னை சுண்டல் தின்னவன். சிரிக்கிறான். "ஆசாரி, உங்க மரச்சட்டம் பொதுவாயிடுச்சு. ரப்பர் வெச்சது இன்னும் ஊர் பாக்கலியே. எங்க துரை இந்த மாசக் கடைசியில அதுக்குப் பாரம் போடறாரு. அப்புறம் எல்லா மல்லாட்டையும் எங்க கிடங்குலதான் உடையும்"னான்.

எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லுங்க. நேரா தபாலாபீசுக்குப் போனேன். ஒரு கார்டு வாங்கி, இவளுக்கு எழுதினேன். எல்லாம் உன் வாயால வந்த வினை. ஊர் பாத்ததுக்குக் காகிதம் கிடையாதாம். அதிகாரியே சொல்லிட்டாரு. நீ அன்னிக்கு உளறின ரப்பரை ஊர் இன்னும் பாக்கல. அதுக்கு அவன் மாசக் கடைசியில காகிதம் வாங்கப் போறான். இப்ப திருப்தியா? அவ்வளவுதான் எழுதினேன். அவளுக்கு எழுத்து வராது, எதிர்வீட்டு வாத்தியார் சம்சாரம்தான் படிச்சுக் காட்டும். காட்டட்டும்னு எழுதினேன்.

பத்து நாள் மதராஸ்காரங்க சாப்பாட்டு மெஸ்ஸுல கெடந்தேன். அங்க இருந்தவங்க எல்லாம் என்ன ஆச்சு ஆசாரி, ஜெயிச்சுட்டீங்களான்னு கேக்க, இன்னும் தீர்ப்பு வரலன்னே சொல்லிட்டிருந்தேன். நடுவுல டிராம்ல ஏறும்போது தள்ளிவிட்டதுல என் மூக்குக் கண்ணாடியும் ஒடைஞ்சுது. முந்தாநாள் தீர்ப்பு வந்துது. எதிர்பாத்ததுதான். நேத்துக் கெளம்பும்போது வீட்லேருந்து ஒரு கவர் வந்துது. ஜோபியிலதான் இருக்கு. யார்கிட்ட குடுத்துப் படிக்கச் சொல்றது? மெஸ்ஸுல குடுத்தா, நான் தோத்தது அதுல எழுதியிருந்தா வெளியாயிடும். நீங்க நாளைக்கு மதராஸ் பேஸின் பிரிட்ஜ்ல எறங்கிட்டா என்னை எங்க பாக்கப் போறீங்க. சித்தே படிச்சுடுங்க சார். என்ன, அழுது எழுதச் சொல்லியிருப்பா. இல்லேன்னா கல்கத்தாவுலேருந்து சேலை கேட்டிருப்பா.

என்ன சார் அது, ரோஸ் காகிதம்? நோட்டீஸா? என் பழைய நோட்டீஸைத் திருப்பி அனுப்பிட்டாளா? புதுசா? இருங்க, பாலம் வருது. கோதாவரி. சத்தத்துல ஒண்ணும் கேக்காது. தாண்டட்டும். ம், இப்ப படிங்க. மொதல்லேருந்து படிங்க.

"பண்ருட்டியில் ரப்பர் வைத்த மல்லாட்டை இயந்திரம். நிகழும் ஆடி மாதம் பன்னிரண்டாம் தேதி வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு, வண்டிப்பேட்டை மைதானத்தில்…"

நிறுத்துங்க சார். வெள்ளிக்கிழமை பத்தரை மணியா? ராகு காலம் சார் அது! ஆடி மாசம், ராகு காலம்! இவளுக்குப் புத்தி பிசகிடுச்சா? அந்த வெள்ளிக்கிழமை எது? முந்தாநாளா? அப்ப நடந்தே முடிஞ்சுடுச்சா? சரி, படிங்க, படிங்க.

"…எல்லோர் முன்னிலையிலும் ஓட்டிக் காட்டப்படும். மரச்சட்டத்தின் மேல் சைக்கிள் டயர் ரப்பரை நான்கு விரல் அகலத்துக்கு வெட்டி, ஓரத்தில் மட்டும் ஆணி அடித்து, நடுவில் தளர்வாக விட வேண்டும். பருப்பு ஒன்றுகூட நொறுங்காது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், அளவெடுக்கலாம், தங்கள் வீட்டில் செய்து வைத்துக்கொள்ளலாம். கடலூர்க் கம்பெனி மேனேஜர் அவர்களும் அவசியம் வர வேண்டும்."

அடிப்பாவி. காரியத்தைக் கெடுத்துட்டாளே. அந்த ரப்பருக்கு நானாவது எழுதிப் போட்டிருக்கலாமே! ஊரைக் கூட்டி அச்சுல வேற போட்டுட்டாளே. இனிமே அதுக்கு யாருக்கும் காகிதம் கெடையாது. கம்பெனிக்காரனுக்கும் கெடையாது. எனக்கும் கெடையாது. நான் கார்டுல எழுதினதைப் படிச்சுட்டு, இவ… இவ தெரிஞ்சே செஞ்சிருக்கா சார். தெரிஞ்சே செஞ்சிருக்கா. என்ன, சிரிக்கறீங்க. நீங்க சிரிக்கலாம்.

கீழ பேருங்க போட்டிருக்கா? வாசிங்க. அலமேலு. செங்கேணி. ராக்காயி. கண்ணாத்தா. குப்பச்சி. இவங்க எல்லாம் உடைக்கற பொம்பளைங்க சார். அன்னிக்கு ஓரமா நின்னாங்களே, அவங்க. எத்தனை பேரு? முப்பத்தெட்டா? சரி. கடைசியில யாரு பேரு? அதைப் படிங்க.

"இங்ஙனம், இதை மெய்யாகவும் முதலாவதாகவும் கண்டுபிடித்த தையல்நாயகி."

ஆமா. அவதான். அதுதான் அவ பேரு.

மெய்யாகவும் முதலாவதாகவும். அப்படியே போட்டிருக்காளா? ஒரு எழுத்து மாறாமயா? நான் அதை ஒரே ஒரு தடவைதான் சார் படிச்சுக் காட்டினேன். குடத்தோட நின்னுட்டிருந்தா. ரெண்டு வருஷம் ஆவுது.

குடுங்க சார் இப்படி. மூலையில மஞ்சள் இருக்குதா? இருக்கு. விரல்ல ஒட்டுது.

இந்தாங்க. இன்னும் ஒரே ஒரு தடவை பாருங்க, கோவிச்சுக்காதீங்க. எனக்குக் கண்ணாடி இல்ல. மேலேருந்து கீழ வரைக்கும் பாருங்க, பின்பக்கமும் திருப்பிப் பாருங்க. என் பேரு எங்கயாவது இருக்குதா சார்?